"எல்லாருக்கும் சம்மதந்தானே?": சங்கக் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர் அமைப்பு கூடித்தான் முடிவெடுக்கும். தலைவர் தன் எண்ணத்தை முதலில் சொல்லிவிட்டு "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்பார். கைகள் உயரும். எதிர்ப்பு பிறகு வாய்க்காலடியில் வெடிக்கும்.

ஏன் என்பதைச் சமூக உளவியல் எப்போதோ சோதித்துவிட்டது. 1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். அறையில் சோதிக்கப்படும் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஷின் ஆட்கள். அந்த ஆட்கள் 18 சுற்றில் 12இல் வேண்டுமென்றே ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தப் பிழைக்கு ஒத்துப்போனார்கள். இதை வைத்து மனிதரெல்லாம் மந்தை என்பது அவசரம்: அந்தச் சுற்றுகளிலும் மூன்றில் இரண்டு விடைகள் சரியாகவே இருந்தன. சரியாகச் சொல்லும் துணை ஒருவர் இருந்தாலோ, விடையைத் தனியே எழுதவிட்டாலோ ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

ஆகவே பேச்சு தொடங்க முன்னரே கருத்தை எழுத ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுங்கள். பெயர் வேண்டாம், எழுத வராதவர் வட்டமோ புள்ளடியோ இடலாம். துண்டுகளை எண்ணிச் சபையில் வாசித்த பிறகே விவாதம். தலைவர் கடைசியில் பேசட்டும். "சம்மதமா" என்பதைவிட "இதில் எங்கே சிக்கல் வரும்?" என்று கேட்டால் வாய் திறக்கும்.

அடுத்தது வட்ஸ்அப் குழு. "யானை வேலி அறுந்துபோச்சு, யாராவது பாருங்கோ" என்று போட்டால் எல்லாரும் வாசிப்பார்கள், ஒருவரும் போகமாட்டார்கள். 1968இல் உளவியலாளர்கள் டார்லியும் லற்றானேயும் செய்த சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற சத்தம் கேட்டது. தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 வீதத்தினர் அது அடங்க முன்னரே உதவி கேட்டார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 வீதத்தினரே அப்படிச் செய்தார்கள். மற்றவர் பார்ப்பார் என்ற எண்ணந்தான். பெயர், இடம், நேரம் மூன்றையும் போடுங்கள். உரியவர் "போறன்" என்று பதில் போடும்வரை விடாதீர்கள்.

சிரமதானத்துக்கு வராதவரைச் சோம்பேறி என்பதும் வழக்கமான பிழை. சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைக் குறை சொல்லும் இந்தச் சாய்வுக்கு 1977இல் உளவியலாளர் லீ ரொஸ் பெயரிட்டார். கண்டிக்க முன்னர் அன்று நாட்கூலி வேலையா, கிளினிக் நாளா என்று விசாரியுங்கள். பலரும் ஒரே காரணத்தைச் சொன்னால் சிரமதான நாளை மாற்றிப் பாருங்கள்.