சீன மாணவருக்கு 'ஹேஸ்ட்' சொல்லித்தர ஒரு வழி

சீன மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ஹேஸ்ட்' என்ற சொல்லை 'வேகம்' என்று மட்டும் விளக்கினால் பாதிதான் போய்ச் சேரும். வேகத்தில் தப்பில்லை, ஹேஸ்ட் என்பது பெரும்பாலும் நிதானமில்லாத அவசரம். 'ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்' என்ற பழமொழியோடு சேர்த்துச் சொல்லுங்கள். பதறினால் காரியம் கெடும் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஆட்சி பற்றிக் கேட்ட சீடர் ஸீஷியாவிடம் கன்ஃபூசியஸ் சொன்னதே அதுதான்: 'யூ சூ, ஸ பு தா', அதாவது சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் போய்ச் சேரமாட்டாய்.

இதைவிட எனக்குப் பிடித்தது, கன்ஃபூசியஸ் வழியில் வந்த சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் சொன்ன கதை. பயிர் வளரவில்லையே என்று பழைய சீனாவின் சோங் நாட்டு விவசாயி ஒருவர் நாற்றுகளைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார், எல்லாம் வாடிப்போயின. சீனப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை இது. அதை அவர்களையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள், 'ஹேஸ்ட்' தானாகப் பொருந்தி உட்காரும்.

அப்புறம் உச்சரிப்பு. சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் எந்த அசையும் 'ஸ்ட்' என்று முடியாது. அதனால் கடைசி 'ட்' விழுந்துவிடும், இல்லையென்றால் ஓர் உயிரொலி ஒட்டிக்கொள்ளும். பழமொழியில் அந்த ஒலி இரண்டு முறை வருவதால் நல்ல பயிற்சி. முதலில் மெதுவாகவே சொல்ல வையுங்கள்.