பிள்ளையின் உண்டியலில் கை வைக்காதீர்கள்

போன வாரம் அலுவலகத்தில் வயதில் இளையவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்தவருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லையாம். மகனுடைய உண்டியலைக் கவிழ்த்து எடுத்துக் கொடுத்துவிட்டாராம். பையன் அழுதானாம். "அவன் காசும் என் காசுதானே சார்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 11 வருடங்களுக்கு முன் இதையே நானும் சொல்லியிருக்கிறேன்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளி முடிக்கும்வரை பாக்கெட் மணி கொடுத்திருக்கிறேன். அளவுக்கு மீறிக் கொடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளை கையில் பெரிய நோட்டைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். நானும் மற்றவர்களும் செய்யும் வேறு சில தப்புகளைத்தான் சொல்கிறேன்.

எதற்கான பணம் என்று சொல்லாமல் கொடுப்பது

மகனுக்கு முதல் மாதம் கொடுத்தபோது நான் ஒன்றும் விளக்கவில்லை. அவன் அதில் பேனாவும் ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கிவிட்டு, ஆசைப்பட்டது எதையும் வாங்க முடியாமல் முகம் வாடி நின்றான். மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் ஆசைக்கே செலவழித்துவிட்டு நோட்டுப் புத்தகத்துக்குக் காசு கேட்டான். நான் திட்டினேன். தப்பு என்னுடையது. பள்ளிக்குத் தேவையானது பெற்றோர் பொறுப்பா, பிள்ளையின் பொறுப்பா? நண்பர்களோடு வெளியே போகும் செலவு யாருடையது? முதல் நாளே உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மாதம் என்பது ரொம்ப நீளம், வாரக் கணக்கில் கொடுங்கள். உயர்நிலை வகுப்புக்குப் போனதும் மாதத்துக்கு மாற்றலாம்.

கேட்கும்போதெல்லாம் கொடுப்பது

அதற்குப் பெயர் பாக்கெட் மணி இல்லை. ஒரு தேதி வையுங்கள்.

மார்க்குக்கும் தப்புக்கும் விலை வைப்பது

அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ரோலண்ட் ஃபிரையர் பல நகரப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்துச் செய்த சோதனைகளின் முடிவு 2011இல் வந்தது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்கும் சிகாகோவில் கிரேடுக்கும் பணம் கொடுத்தார்கள். படிப்பில் முன்னேற்றம் தெரியவில்லை. டல்லாஸில் புத்தகம் படித்து முடித்தால் பணம் என்று வைத்தார்கள். அங்கே ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்குப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பிள்ளைக்குத் தெரியும். மார்க்கை எப்படி ஏற்றுவது என்று தெரியாது. தெரியாத வேலைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் அது நடக்காது.

அபராதமும் அப்படித்தான். இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் செய்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 காப்பகங்களில் 6இல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, இனி எதற்குக் குற்ற உணர்ச்சி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. "தம்பியை அடித்தால் இந்த வாரக் காசில் பாதி கட்" என்று சொன்ன வீட்டில், அந்தப் பாதியை இழக்கத் துணிந்த பிள்ளை நிம்மதியாக அடித்துவிட்டுப் போகும்.

பிள்ளையின் சேமிப்பைக் கடனாக எடுப்பது

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. சைக்கிள் வாங்க வேண்டும் என்று வாராவாரம் ஒரு தகர டப்பாவில் போட்டு வந்தாள். டப்பாவின் மேல் காகிதம் ஒட்டி, கோடு போட்டு, சேரச் சேர வண்ணம் தீட்டிக்கொண்டே வந்தாள். ஏழு மாதத்தில் வண்ணம் முக்கால்வாசிக்கு ஏறியிருந்தது. அந்த மாதக் கடைசியில் என் கையில் பணம் இல்லை. சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று, அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்தேன். சாயந்திரம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். சம்பளம் வந்தது, கூடவே வேறு செலவும் வந்தது. பாதியை மட்டும் வைத்தேன். அடுத்த மாதம் ஒரே ஒரு முறை கேட்டாள். "உனக்குச் சாப்பாடு, துணி, ஃபீஸ் எல்லாம் யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு பாக்கெட் மணி வந்த அன்றே அவள் அத்தனையையும் செலவழிக்க ஆரம்பித்தாள். நான் சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் தம்பியிடம் சொல்வது காதில் விழுந்தது: "டப்பாவுல போடாதடா. பொருளா வாங்கி வச்சுக்கோ. பொருளா இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரியான கணக்கு. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாய் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருப்பது பிள்ளையின் மன உறுதியைக் காட்டும் என்று ரொம்பக் காலம் பேசினோம். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் இதை வேறு விதமாகச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். மிட்டாயைக் கொடுப்பதற்கு முன்னால், படம் வரைந்து வண்ணம் தீட்ட நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். 14 பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்ற 14 பேரிடம் "இல்லை, மன்னிச்சுக்கோ" என்று வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், 9 பேர் 15 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம்தான். கடைசிவரை காத்திருந்தது ஒரே ஒரு பிள்ளை.

அந்த ஆய்வில் உடைந்தது ஒரு வண்ணப் பெட்டி விஷயத்தில் கொடுத்த வாக்கு. நான் உடைத்தது ஏழு மாத உழைப்பு. இதை வீட்டுக்குள் நடக்கும் சாதாரணம் என்று யாராவது சிரித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பிள்ளைக்கு வந்த பரிசுப் பணத்தை வாங்கி, குடும்பச் செலவில் கரைப்பதும் இதே வேலைதான்.

சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பாக்கியைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். பூட்டுள்ள டப்பா வாங்கி, இரண்டு சாவியையும் அவளிடமே கொடுத்தேன். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். அவசரம் என்றால் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். தொகையும் திருப்பும் தேதியும் நோட்டில் ஏற வேண்டும். முடியாது என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. ஒரு முறை அப்படிச் சொன்னாள். நான் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டேன். அதற்கடுத்த மாதம்தான் டப்பாவின் மேல் மறுபடியும் காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன்.

தினமும் கணக்குக் கேட்பது

பொய்க் கணக்கு எழுதத்தான் பழகுவார்கள்.

வீணாக்கவே விடாமல் இருப்பது

மகன் முதன்முதலில் தானாக வாங்கிய பொம்மைக் கார் இரண்டாம் நாள் உடைந்தது. கடையிலேயே எனக்குத் தெரியும், அது நிற்காது என்று. சொல்லாமல் இருந்தேன், வேறு வாங்கியும் கொடுக்கவில்லை. சக்கரம் இல்லாத அந்தக் காரை ரொம்ப நாள் மேஜையில் வைத்திருந்தான். அடுத்த முறை காசு சேர்ந்ததும் கடையில் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, திருப்பி, சக்கரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தான். அரை மணி நேரம் ஆனது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.