அம்பாசடரின் முகம் எங்கே உடைகிறது?

பழைய கார் படத்தைப் பிளைவுட் பலகையில் ஒட்டி, ஸ்க்ரோல் ரம்பத்தில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி நுணுக்கமாக அறுக்கும் இயந்திரம்) அறுத்துப் பார்த்தவர்கள், வேலை கெட்டால் பிளேடைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது படத்தை வரைந்த காகிதத்திலேயே கெட்டுப்போயிருக்கும்.

மார்க் 2 அம்பாசடரின் முன்கிரில் நெருக்கமான கட்டங்களால் ஆனது. புகைப்படத்தில் உள்ள அத்தனை கட்டங்களையும் அப்படியே வரைந்துகொண்டால், இடையில் நிற்கும் கம்பிகள் 1 மி.மீ.கூட இருக்காது. 3 மி.மீ. பிளைவுட் பொதுவாக மூன்று அடுக்கு. மேல், கீழ் அடுக்குகளின் இழை ஒரு திசையில் ஓடும்; நடு அடுக்கு அதற்குக் குறுக்கே ஓடும். குறுக்காக நிற்கும் மெல்லிய கம்பியைத் தாங்குவது அந்த நடு அடுக்கு மட்டுமே. விரல் பட்டாலே ஒடியும். கட்டங்களைப் பாதியாகக் குறையுங்கள். சுவரில் மாட்டிய பிறகு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹெட்லைட்டை முழு வட்டமாக அறுத்தால் நடுவட்டம் கழன்று விழும். இரண்டு இடங்களிலாவது 2 மி.மீ. அகலத்துக்கு அறுக்காமல் பாலம் விட வேண்டும். என் முதல் காரின் இடது கண் தூசி உறிஞ்சும் குழாய்க்குள் போய்விட்டது.

முன்கண்ணாடி பெரிய துண்டு, அறுக்க எளிது என்று அதிலிருந்து தொடங்காதீர்கள். அந்த இடம் காலியானதும் பலகை தொய்ந்து அதிரும். அதன்பின் நுணுக்கமான கிரில்லில் கை வைக்க முடியாது. சிறியவற்றை முதலில் அறுங்கள், பெரியவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

பலகையைப் பிளேடுக்குள் அழுத்தித் தள்ளாதீர்கள். தள்ளினால் பிளேடு பின்னால் வளையும், வெட்டு சாயும், சக்கரம் முட்டையாகும். பானெட்டின் கோடு சற்றுப் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் பிசகினால் உடனே தெரியும்.

காகிதத்தை நேரே மரத்தில் ஒட்டினால் உரிக்கும்போது இழையும் சேர்ந்து வரும். முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் காகிதம்.

சட்டம் போடும்போது காடியின், அதாவது படம் உட்காரும் உட்புறப் பள்ளத்தின், ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். படம் 3, பின்பலகை 3, கண்ணாடி 2 என்று வைத்தாலே 8 மி.மீ. ஆகிவிடும், சாதாரண போட்டோ சட்டங்கள் பலவற்றில் அது அடங்காது. நீங்களே சட்டம் செய்தால், 45 டிகிரி வெட்டில் அரை டிகிரி பிழைகூட எட்டு முனைகளில் சேர்ந்து 4 டிகிரியாகும். கடைசி மூலை வாயைப் பிளந்து நிற்கும். கறுப்புப் பின்பலகையில் பசையைத் தாராளமாகத் தடவுவதும் வேண்டாம். வெட்டு வழியாகப் பிதுங்கிக் காய்ந்த பசை, விளக்கு வெளிச்சத்தில் கிரில் முழுக்கப் பளபளக்கும்.