காரைக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டே சொந்தப் பாட்டு எழுதிப் பாட

மைக் வாங்குவது இருக்கட்டும், முதலில் காதைத் தீட்டுங்கள். பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டுகிறவர்கள், தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம், இவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்த அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள் என்று கவனித்தாலே பாதித் தொழில் கைக்கு வந்துவிடும்.

மெட்டை முணுமுணுத்துப் பிடியுங்கள், வார்த்தை அப்புறம். பொத்தாம்பொதுவாகச் சோகம் எழுத வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வளவு, வற்றிய ஊருணி, பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண், இப்படிக் கண்ணால் பார்த்ததைப் போடுங்கள்.

சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். நம்ம சிவகங்கைச் சீமை கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் பெயர் வாங்கியவர், சினிமா அதற்குப் பிறகுதான்.

காசு விஷயம்: முன்பணம் இல்லாமல் திருவிழாவுக்குத் தேதி கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய வரிக்கு உங்கள் ஆயுள் முழுக்க, அதன்பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. ஊரில் புழங்கும் பழம்பாட்டுக்கு அது கிடையாது, அதில் உங்கள் பெயரைப் போட்டால் கிழவிகளே சண்டைக்கு வருவார்கள். ஆடியோ கம்பெனி நீட்டும் தாளில் 'அனைத்து உரிமைகளும்' என்று இருந்தால், சரி என்று தலையாட்டாமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.