ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைத் துறை பார்த்து ஒப்பிடுவது எப்படி?

மேற்கோள் என்பது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் சான்றாகச் சுட்டுவது. முதலில் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். பெயரின் முதலெழுத்து இடம் மாறினாலே ஒருவர் இருவராகிவிடுவார். ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் (ORCID) எண்ணை வைத்துச் சரிபார்க்கவும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலர் தானாகச் சேர்த்த பிறர் கட்டுரைகளை நீக்குங்கள். ஒரே கட்டுரையின் முன்பதிப்பையும் (இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் வடிவம்) இதழ்ப் பதிப்பையும் இணையுங்கள்.

அடுத்து, 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு (h-index). கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்லும் அளவு இது. கட்டுரைகளை மேற்கோள்களின் இறங்குவரிசையில் அடுக்கவும். வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் உள்ள கடைசி இடமே விடை. 25, 14, 9, 5, 3 என்றால் எச் 4. ஐந்தாவது கட்டுரைக்கு 3தான் உண்டு. மேற்கோள்களைத் திரட்டும் தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் மூன்றும் சேர்க்கும் ஆவணங்கள் வேறு என்பதால் எண்ணும் வேறுபடும். தளத்தையும் தேதியையும் குறிக்காத எண்ணை நம்ப வேண்டாம்.

பலரும் சறுக்குவது இனிமேல்தான். கணிதத்தில் மேற்கோள்கள் மெதுவாகச் சேரும், மூலக்கூறு உயிரியலில் வேகமாகக் குவியும். இரண்டையும் நேரே ஒப்பிடுவது அநியாயம். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுக்கவும். உதாரணத்துக்கு, கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், சராசரி 6 என்றால் மதிப்பு 2. உயிரியல் கட்டுரைக்கு 40, சராசரியும் 40 என்றால் மதிப்பு 1தான். வகையைக் கலக்கவே கூடாது: முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகள் பொதுவாக அதிக மேற்கோள் ஈர்க்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே ஒரு பெருங்கட்டுரை மொத்தச் சராசரியையும் தூக்கிவிடும். ஆகவே, துறையின் முதல் 10% மேற்கோள் வரிசையில் எத்தனை கட்டுரைகள் வருகின்றன என்பதையும் கூடவே எழுதுங்கள். புத்தம்புதிய கட்டுரைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு மேற்கோள் வர இன்னும் அவகாசமே கிடைத்திருக்காது.