ரிட்டயர் ஆனப்புறம் ஸ்கூல் செட்டு கலையாம இருக்கணும்னா இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

1980ல தமிழ்நாட்டுல முதல் முதலா பிளஸ் டூ பரீட்சை எழுதின செட்டுக்கு இப்ப அறுபது வயசு தாண்டிடுச்சு, அதுக்கு முந்தி பதினொன்னாவது எஸ்எஸ்எல்சி முடிச்சிட்டு பியூசி போனவங்க இன்னும் மூத்தவங்க. வேலை, புள்ளைங்க படிப்பு, கல்யாணம்னு ஓடி ஓடி இப்பதான் மூச்சு விட நேரம் கெடச்சிருக்கு, அதனால எந்த ஊர் ஹைஸ்கூலை எடுத்தாலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. மொத ரெண்டு மாசம் தூக்கமே இல்லாம பேசுவாங்க. அப்புறம் பாத்தா நூறு பேர்ல பத்து பேர்தான் பேசுறாங்க, மத்தவங்க மியூட்ல போட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா காணாம போயிடறாங்க. சண்டை போட்டுட்டு போறவங்க ரொம்ப கம்மி. கூச்சத்துல போறாங்க, கையில காசில்லாம போறாங்க, உடம்பு முடியாம போறாங்க, யாரோ கேட்ட ஒரு கேள்வில மனசு விட்டுப்போய் போறாங்க. அப்படி போறவங்களை நாமளே தள்ளி விடற மாதிரி சில தப்பு திரும்ப திரும்ப நடக்குது, அதைத்தான் இங்க எழுதறேன்.

ஆரம்பமே தப்பாதான் ஆரம்பிக்குது, யாரை சேக்கறதுங்கறதுல. பாஸ் ஆனவங்க லிஸ்ட்ட வச்சு ஆள் தேடுவாங்க, அதுலயும் பேங்க்ல இருந்தவன், தாசில்தாரா இருந்தவன், அமெரிக்கால இருக்கவன்னு நம்பர் ஈசியா கெடைக்கிறவங்க மொதல்ல வந்துடுவாங்க. எட்டாவதோட நிறுத்தப்பட்ட பொண்ணுங்க, ஒன்பதாவதுல ஃபெயிலாகி தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் போன பசங்க, எஸ்எஸ்எல்சில கணக்குல போய் அதோட விட்டவங்க இவங்கல்லாம் நம்ம கூட ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்சுல உக்காந்தவங்கதானே. குரூப் பேருல "பாஸ்"ங்கற வார்த்தையே வேணாம், ஆறாவதுல இருந்து ஒரு வருஷம் கூட படிச்சிருந்தாலும் நம்ம செட்டுதான்னு வச்சுக்கங்க. ஆள் தேடறதையும் ஃபேஸ்புக்ல ஆரம்பிக்காதீங்க, ஊரை விட்டே போகாம பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கவன் ஒருத்தன் எல்லா செட்டுலயும் இருப்பான், யார் வீடு எங்க மாறுச்சு, யாரு அம்மா தவறிட்டாங்க, எந்த பொண்ண எந்த ஊர்ல குடுத்தாங்கன்னு அவனுக்கு தெரிஞ்ச அளவுக்கு எந்த ஆப்புக்கும் தெரியாது.

அதே மாதிரி இன்னைக்கும் பட்டன் போன் வச்சிருக்கவங்க இருக்காங்க. அவங்களை "அவன்கிட்ட வாட்ஸ்அப் இல்லப்பா"ன்னு ஒரு வரில விட்டுடறாங்க. பக்கத்து தெருல இருக்க ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கிட்டு முக்கியமான செய்தியை மட்டும் போன் பண்ணி சொன்னா போதும், ரெண்டு நிமிஷ வேலை. இன்னொன்னு, எல்லாரும் ரிட்டயர் ஆயிட்டோம்னு நெனச்சுக்கிட்டு புதன்கிழமை காலைல டீ குடிக்க கூடறாங்க. அரசு வேலைல இருந்தவங்களுக்கு 58 வயசுன்னு இருந்தது 2020ல 59 ஆச்சு, 2021ல 60 ஆச்சு, பிரைவேட்ல 58லயே அனுப்பிட்டாங்க, ஆனா வெவசாயம் பாக்கறவனுக்கும் தறி ஓட்டறவனுக்கும் மளிகைக்கடைக்காரனுக்கும் அப்படி ஒரு நாள் வரவே வராது, பேரப்புள்ளைய பாத்துக்க பெங்களூர் போயிருக்க பொண்ணுங்களுக்கு முன்னைய விட இப்பதான் வேலை ஜாஸ்தி. நேரத்தை அவங்களை கேட்டு முடிவு பண்ணுங்க.

குரூப்ல நடக்கற தப்பு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், காலைல அஞ்சு மணிக்கு பூ படம் போட்டு குட்மார்னிங், அப்புறம் அரசியல், ஜாதி சங்க செய்தி, சர்க்கரைக்கு ஒரே வாரத்துல மருந்துன்னு ஃபார்வர்டு. இதுல பெரிய நஷ்டம் என்னன்னா ஒருத்தன் ஆஸ்பத்திரில சேந்திருக்கான்னு போட்ட மெசேஜ் நாப்பது பூ படத்துக்கு நடுவுல போயிடுது, மூணு நாள் கழிச்சு பாத்துட்டு "அய்யோ தெரியாதே"ன்னு வருத்தப்படறாங்க. அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி தனியா ஒரு குரூப் வச்சு நல்லது கெட்டது, சந்திப்பு தேதி மட்டும் அதுல போடுங்க, அரட்டைக்கு இன்னொன்னு வச்சுக்கங்க. ஜாதியும் கட்சியும் அரட்டை குரூப்லயும் வேணாம்னு நான் கண்டிப்பாவே சொல்லுவேன், 14 வயசுல அது இல்லாம பழகினவங்க 64 வயசுல அதனால பிரியறதை பாக்க ரொம்ப வேதனையா இருக்கு.

ஆனா எவ்வளவு ஒழுங்கா நடத்தினாலும் குரூப்ல இருக்கறது தொடர்புல இருக்கறது ஆகிடாது. பொறந்தநாளுக்கு எண்பது பேர் கேக் படம் போடறதை விட ஒரே ஒருத்தர் போன் பண்ணி பத்து நிமிஷம் பேசறது பெருசு. குரூப் வீடியோ காலும் முப்பது பேர் சேந்தா பிரயோஜனமே இல்ல. வயசாக ஆக காது மொதல்ல கீச்சுன்னு இருக்க மெல்லிய சத்தத்தைத்தான் இழக்கும், பேச்சு காதுல விழும் ஆனா வார்த்தை பிரியாது, சுத்தி சத்தம் இருந்தா சுத்தம். அப்படி இருக்கவங்க "என்னடா சொன்ன"ன்னு எத்தனை தடவை கேப்பாங்க, சும்மா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்க, அடுத்த தடவை வர மாட்டாங்க. நாலஞ்சு பேரா பேசுங்க.

பேச ஆரம்பிச்சதும் வர்ற கேள்விங்க இருக்கே, அதுலயும் கவனம் வேணும். "பையன் எங்க இருக்கான், எவ்வளவு வாங்கறான், பொண்ணுக்கு முடிஞ்சுதா, பேரன் பேத்தி எத்தனை, பென்ஷன் எவ்வளவு வருது." கேக்கறவன் பாசமாத்தான் கேக்கறான். ஆனா பையன் பேசாம விட்டுட்டு போன அப்பாவும், வாழாம திரும்பி வந்த பொண்ண வச்சிருக்க அம்மாவும், பென்ஷனே இல்லாதவனும் அந்த குரூப்ல இருக்காங்க. பத்து பேர் முன்னாடி கேக்காதீங்க, தானா சொன்னா கேட்டுக்கங்க. பட்டப்பேரும் அப்படித்தான், சில பட்டப்பேரு செல்லம், சிலது அன்னைக்கே அவனை அழ வச்சது. திக்கிப் பேசினவன், கறுப்பா இருந்தவன், ஜாதியை வச்சு பேர் வாங்கினவன் இவங்களை ஐம்பது வருஷம் கழிச்சு அவங்க மருமகன் முன்னாடி அந்த பேர் சொல்லி கூப்பிட்டா என்ன அர்த்தம். "டா" போட்டு பேசறது வேற, அது இல்லாட்டி தான் மனசு கேக்காது.

இப்ப பொண்ணுங்க விஷயம், இதுலதான் நெறைய குரூப் தோத்துப் போகுது. மொதல்ல அவங்களை கண்டுபிடிக்கறதே கஷ்டம், கல்யாணத்தோட இனிஷியல் மாறி ஊர் மாறிடும், பழைய பேரை வச்சு தேடினா கெடைக்காது, கூடப்படிச்ச இன்னொரு பொண்ணு மூலமா, இல்ல அவங்க அண்ணன் தம்பி மூலமாத்தான் போகணும். கெடச்ச உடனே கேக்காம குரூப்ல சேக்கறது ரொம்ப தப்பு. அவங்க வீட்டுல நிலைமை என்ன, போனை வேற யாரு பாக்கறாங்கன்னு நமக்கு தெரியாது. ஒரு பொண்ணு போன் பண்ணி கேட்டு, சரின்னா சேத்து, இல்லன்னா பொண்ணுங்களுக்கு மட்டும் இருக்க சின்ன குரூப்ல சேக்கறதுதான் மரியாதை. ராத்திரி பதினோரு மணிக்கு தனி மெசேஜ் போடறது, "அப்ப உன்ன எனக்கு ரொம்ப புடிக்கும் தெரியுமா"ன்னு எழுதறது இதெல்லாம் அவன் விளையாட்டுன்னு நெனைப்பான், அந்தம்மா அன்னைக்கே வெளிய போயிடுவாங்க, கூடவே மத்த நாலு பேரையும் கூட்டிட்டு போவாங்க. எடுத்த போட்டோவை கேக்காம ஸ்டேட்டஸ்ல, ஃபேஸ்புக்ல போடாதீங்க.

புருஷன் தவறினவங்க நெறைய பேர் விசேஷம்னாலே ஒதுங்குவாங்க, வந்தா யாராவது ஏதாவது சொல்லுவாங்களோன்னு. அவங்களை பொண்ணுங்க நேர்ல வீட்டுக்கு போய் கூப்பிட்டு, வண்டியில கூடவே கூட்டிட்டு வரணும், குத்துவிளக்கு ஏத்தறதுக்கு அவங்களையும் கூப்பிடணும். இதை கூச்சப்படாம செய்யற செட்டுல பொண்ணுங்க எண்ணிக்கை வருஷா வருஷம் கூடும்.

அடுத்து சந்திப்பு. எல்லாரும் பெருசா பண்ணணும்னு ஆசைப்படறாங்க, ரிசார்ட், டி சர்ட்டு, ஷீல்டு, தலைக்கு மூவாயிரம். அதுக்கப்புறம் குரூப்ல யார் யார் கட்டிட்டாங்கன்னு பேர் போட்டு தெனமும் லிஸ்ட். கட்ட முடியாதவன் "ஊர்ல இல்லப்பா, மகள் வீட்டுக்கு போறேன்"னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்திருப்பான். முடிஞ்சவங்க முடிஞ்சதை ஒருத்தர்கிட்ட தனியா குடுங்க, யார் எவ்வளவுன்னு அவரோட நிக்கட்டும், மொத்த வரவு செலவு கணக்கை மட்டும் எல்லாருக்கும் காட்டுங்க. எடம் நம்ம ஸ்கூலே போதும், ஞாயித்துக்கிழமைல ஹெச்எம்கிட்ட முறையா லெட்டர் குடுத்து கேட்டா பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. மண்டபம்தான் வேணும்னா ஆடி மாசம் பாருங்க, கல்யாணம் இருக்காது, வாடகையும் கொறையும். எங்க தென்மாவட்ட பக்கம் ஊர் கோயில் கொடைத் திருவிழாவுக்கும், பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கும் வெளியூர்க்காரங்க எப்படியும் வருவாங்க, அதுக்கு அடுத்த நாள் வச்சா தனியா ஒரு பயணச்செலவு மிச்சம்.

தேதியை கடைசி நேரத்துல சொல்றதும் பெரிய தப்பு. 2024 நவம்பர்ல இருந்து ரயில் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் தொறக்குது, முந்தி 120 நாளா இருந்தது, நெல்லை எக்ஸ்பிரஸ்லயும் முத்துநகர்லயும் லோயர் பெர்த் வேணும்னா தொறந்த அன்னைக்கே போடணும். மூட்டுவலி இருக்கவனை அப்பர் பெர்த்துல ஏற சொல்ல முடியுமா. சீனியர் சிட்டிசன்களுக்கு ஆம்பளைங்களுக்கு 40 சதவீதம், பொம்பளைங்களுக்கு 50 சதவீதம்னு இருந்த சலுகையையும் 2020 மார்ச்ல நிறுத்திட்டாங்க. அதனால மூணு மாசத்துக்கு முன்னாடியே தேதியை முடிவு பண்ணிடுங்க. அன்னைக்கு மேடை போட்டு, மைக் வச்சு, மெல்லிசைக் கச்சேரி வச்சு நாள் முழுக்க சத்தம் போடறாங்க, நாப்பது வருஷம் கழிச்சு வந்தவன் பக்கத்துல உக்காந்தவன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியாம வீட்டுக்கு போறான். நிகழ்ச்சி ஒரு மணி நேரம், மீதி நேரம் வேப்பமரத்தடி, சாப்பாடு, பேச்சு, அவ்வளவுதான் வேணும். சர்க்கரை இருக்கவங்க மூணு மணி வரைக்கும் சாப்பாட்டுக்கு காத்திருக்க முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு முன்னாடியே பாக்கணும். வாத்தியாருங்களுக்கு இப்ப 85, 90 வயசு, அவங்களை நாலு மணி நேரம் மேடைல உக்கார வச்சு சால்வை மேல சால்வை போடாதீங்க, வீட்டுக்கே போய் கால்ல விழுந்து அரைமணி நேரம் பேசிட்டு வாங்க.

பழைய கதையை மட்டுமே நம்பி இருக்கறதும் சரிப்படாது. பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவுல நடந்ததுதான் கடைசி வரைக்கும் அழுத்தமா ஞாபகம் இருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, அதனாலதான் மொத சந்திப்பு அவ்வளவு இனிக்குது, மூணாவது தடவை அதே பிரம்படி கதையை எத்தனை பேர் கேப்பாங்க. சேந்து புதுசா ஏதாவது செய்யுங்க, நடைப்பயிற்சி, கோயில் பயணம், ஸ்கூலுக்கு ஒரு உதவி. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி திட்டம் வழியா பழைய மாணவருங்க அரசு பள்ளிக்கு நேரடியாவே குடுக்கலாம்.

பணம்னு வந்தா ரொம்ப ஜாக்கிரதை. ரிட்டயர் ஆகி மொத்தமா பணம் வந்த நேரம்னு எல்லாருக்கும் தெரியும், பிளாட்டு, சீட்டு, ஆள் சேத்து விடற பிசினஸ்னு கூடப்படிச்சவனே கேப்பான், மறுக்க சங்கடமா இருக்கும். குரூப்ல எந்த வியாபாரமும் பேசக்கூடாதுன்னு மொத நாளே விதி போட்டுடுங்க. கஷ்டத்துல இருக்கவனுக்கு உதவணும்னா கடனா குடுக்காதீங்க, நாலு பேரா சேந்து திருப்பி வராதுன்னு தெரிஞ்சே குடுங்க, கடன் குடுத்தா பணமும் போகும், அவன் வெக்கப்பட்டு குரூப்பை விட்டும் போவான். இன்னொன்னு, நண்பன் நம்பர்ல இருந்தே "அவசரம், இருபதாயிரம் அனுப்பு"ன்னு மெசேஜ் வந்தா அவனுக்கு போன் போட்டு குரல் கேட்டு, நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு பழைய விஷயத்தை கேட்டுட்டு அனுப்புங்க, ஓடிபி வாங்கி கணக்கை திருடறது இப்ப சர்வ சாதாரணம். கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்தற ஃபைல்) வந்தா தொடவே தொடாதீங்க. எல்லாரும் வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது நாமளே வைக்கற ஆறு இலக்க பின் நம்பர் போடுங்க, பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு.

கடைசியா நோயும் சாவும், இந்த வயசுல இது தள்ளிப்போட முடியாத விஷயம். ஒருத்தர் தவறினா அறுபது பேர் கைகூப்பின படம் போட்டுட்டு மறுநாள் மறுபடி பூ படத்துக்கு போயிடறாங்க. பக்கத்துல இருக்க ரெண்டு பேராவது நேர்ல போகணும். அதை விட முக்கியம் பதினாறாம் நாளுக்கு அப்புறம், சொந்தக்காரங்கல்லாம் கெளம்பினப்புறம் அந்த வீட்டுல இருக்கவங்களுக்கு ஃபேமிலி பென்ஷன் பேப்பர், பேங்க் நாமினி, இறப்பு சான்றிதழ்னு அலைச்சல் இருக்கும், கருவூலத்துலயும் பேங்க்லயும் வேலை பாத்தவங்க நம்ம செட்டுல கண்டிப்பா இருப்பாங்க, அவங்க கூட போனா பாதி பாரம் கொறையும். குரூப்ல இருந்து அவர் நம்பரை மறுநாளே தூக்காதீங்க, வீட்டுல இருக்கவங்களை கேட்டுட்டு செய்யுங்க, சில பேர் அந்த நம்பர்ல தொடர்ந்து இருக்கணும்னு விரும்புவாங்க.

இதுக்கெல்லாம் ஆதாரமா ஒரு நோட்டு போடுங்க, பேப்பர்லயே. ஒவ்வொருத்தர் பேருக்கு நேர ஊர், தெரு, ரத்த குரூப், அவங்க நம்பர், கூடவே வீட்டுல இருக்க இன்னொருத்தர் நம்பர், ஏன்னா போன் தொலைஞ்சாலும் ஆள் ஆஸ்பத்திரில இருந்தாலும் அந்த ரெண்டாவது நம்பர்தான் எடுக்கும். ஏரியா வாரியா ஏழெட்டு பேருக்கு ஒருத்தர்னு பிரிச்சு, மாசம் ஒரு தடவை அந்த ஏழெட்டு பேருக்கும் போன் பண்ண சொல்லுங்க. ரெண்டு மாசமா குரூப்ல ஒருத்தர் சத்தமே இல்லன்னா மொத போன் அவங்களுக்கு போகட்டும்.