மிடி கிட்டாரில் ஹார்ன் செக்ஷன்: மூச்சு கேட்க வேண்டும்

மீட்டிய கிட்டார் கம்பியின் ஒலி உடனே தேயத் தொடங்கிவிடும். ட்ரம்பெட் ஊதுபவரோ ஸ்வரத்தைப் பிடித்த பிறகும் மூச்சால் அதை வளர்க்கலாம், அடக்கலாம். மிடி கிட்டார் என்பது கம்பியின் அதிர்வை டிஜிட்டல் கட்டளையாக்கி வேறு வாத்தியங்களின் ஒலியை எழுப்புவது. அதில் ஹார்ன் செக்ஷன், அதாவது ட்ரம்பெட், சாக்ஸ், ட்ராம்போன் சேர்ந்த ஊதுகருவிக் கூட்டம், பொம்மை போலக் கேட்டால், சாம்பிளை (பதிவுசெய்த வாத்திய ஒலியை) குறை சொல்லும் முன் இதைக் கவனியுங்கள்.

முதலில் செட்டிங். கம்பியின் அதிர்வை மிடி கட்டளையாக மாற்றும் கன்வெர்ட்டரை மோனோ மோடில் வையுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனி சேனல் கிடைக்கும். பிட்ச் பெண்ட் ரேஞ்ச், அதாவது ஸ்வரத்தை வளைக்கக்கூடிய எல்லை, கன்வெர்ட்டரிலும் ஒலியை எழுப்பும் சின்த்திலும் ஒரே எண்ணாக, 12 செமிடோனாக (ஒரு செமிடோன் என்பது ஒரு ஃப்ரெட் தூரம்) இருக்கட்டும். சின்த்தில் மட்டும் 2 என்று இருந்தால், நீங்கள் 2 செமிடோன் வளைத்தாலும் மூன்றில் ஒரு செமிடோன்தான் நகரும்; சுருதி கெட்டுவிடும்.

அப்புறம், முதல் கம்பிக்கு ட்ரம்பெட், இரண்டாவதற்கு டெனர் சாக்ஸ், மூன்றாவதற்கு ட்ராம்போன் என்று தனித்தனி ஒலி கொடுங்கள். 'பிராஸ் செக்ஷன்' என்ற ஒரே பேட்சில் (சின்த்தில் சேமித்த ஒலி அமைப்பில்) கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வாசிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கூட்டமே ஊதுவதுபோல் கனத்துப்போகும்.

இப்போது வாசிப்போம். மூன்றாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட், இரண்டாம் கம்பியில் 5, முதல் கம்பியில் 3: இது சி மேஜர் கார்டு. பிக்கால் வருடினால் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். மூன்று விரல்களால் மூன்று கம்பிகளையும் ஒரே நொடியில் இழுங்கள். ஒரு ஃப்ரெட் கீழே தொடங்கி மேலே சறுக்கினால், ஹார்ன்காரர்கள் ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கும் அந்த அழகு வந்துவிடும்.

மூச்சுக்கு, காலால் அழுத்தி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெடலை சிசி 11க்கு (சிசி என்பது ஒலியை மாற்றும் மிடி கட்டளைகளின் எண்) அமையுங்கள். சில பேட்ச்கள் சிசி 1 அல்லது சிசி 2வைக் கேட்கும். கார்டை அழுத்தமாக அடித்ததும் பெடலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து, நான்கு எண்ணிக்கைக்குள் மெல்ல முழுதாகத் திறந்து, இடது கை விரல்களை ஒன்றாக எடுத்து ஒலியை வெட்டுங்கள். வாசிக்கும்போது நீங்களும் வாயால் ஊதிப் பாருங்கள். உங்கள் மூச்சு தீரும் இடத்தில் வரியும் நிற்கட்டும்.

தாழ்ந்த கம்பிகளில் ஒலி தாமதமாக வருகிறதா? ஆறாம் கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கே 12 மில்லிசெகண்ட் ஆகும். அந்த அலையைப் பார்க்காமல் கன்வெர்ட்டரால் ஸ்வரத்தைச் சொல்ல முடியாது. அதனால் தாழ்ந்த ட்ராம்போன் வரிகளை மேல் கம்பிகளில் வாசித்து, சின்த்தில் 12 செமிடோன் இறக்கிவிடுங்கள்.